தமிழ்நாட்டில் இருக்கைகளின் வரலாறு: மணைப்பலகை முதல் சுழல் நாற்காலி வரை

இருக்கை என்பது மனிதர் உட்காருவதற்காகச் செய்யப்பட்ட, அல்லது அதற்கென ஒதுக்கப்பட்ட பொருளாகும். பாய், மணைப்பலகை, முக்காலி, கட்டில், திண்ணை, ஊஞ்சல், பெஞ்சு, நாற்காலி, சோபா ஆகியவை அனைத்தும் இதில் அடங்கும். வீட்டுப் பொருள்களில் உடலோடு மிக நெருங்கிய தொடர்புடையது இருக்கையே. முதுகு, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் அளவையொட்டித்தான் அதன் வடிவம் அமைகிறது.

தமிழ்நாட்டு இருக்கைகளின் வரலாற்றை இரண்டு கோணங்களில் படிக்க வேண்டும். முதலாவது வடிவம்: தரையோடு தரையாக இருந்த இருக்கை எப்படி உயர்ந்தது, கால் பெற்றது, முதுகு பெற்றது, கடைசியில் சக்கரமும் பெற்றது என்பது. இரண்டாவது உரிமை: யார் உட்காரலாம், யார் முன்னிலையில் உட்காரலாம், எவ்வளவு உயரத்தில் உட்காரலாம் என்பது. புதிய வடிவம் ஒன்று வரும்போதெல்லாம் அதில் உட்காரும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் உடன் வந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் அந்தக் கேள்வி தமிழ்நாடு சட்டமன்றம் வரை சென்றது.

இருக்கையைக் குறிக்கும் சொற்கள்

தமிழில் இருக்கையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பல. அணை, தவிசு, கட்டில், பலகை, மணை ஆகியவை அவற்றுள் சில. பீடம், ஆசனம் போன்றவை வடமொழி வழியாக வந்து நிலைத்தவை. கட்டில் என்ற சொல் நெடும் பயணம் செய்திருக்கலாம். வடமொழியின் 'கட்வா' என்ற சொல்லுக்குத் திராவிட மொழிகளின் 'கட்டில்' மூலமாக இருக்கலாம் என்று மொழியறிஞர் சிலர் கருதுகின்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'காட்' என்ற சொல் இந்தியிலிருந்து சென்றது.

'நாற்காலி' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. இந்தியிலும் தெலுங்கிலும் நாற்காலிக்கு வழங்கும் குர்சி, குர்ச்சி ஆகிய சொற்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. மலையாளத்தின் 'கசேர', இலங்கைத் தமிழின் 'கதிரை' இரண்டும் போர்த்துகீசியச் சொல்லான 'கதெய்ரா'விலிருந்து பிறந்தவை. இலங்கைத் தமிழர் பெஞ்சை 'வாங்கு' என்பதும் போர்த்துகீசியத் தொடர்பால்தான். தமிழ்நாட்டிலோ மேசை, அலமாரி, சன்னல் ஆகிய போர்த்துகீசியச் சொற்களை ஏற்றுக்கொண்ட மக்கள், நாற்காலிக்கு மட்டும் அதன் கால்களை எண்ணிப் பெயர் வைத்தனர். முக்காலி என்ற பெயரும் அதே முறையில் அமைந்ததே.

இருக்கையைக் குறிக்கும் சொற்கள் பதவியையும் குறிப்பது தமிழில் இயல்பு. 'நாற்காலி ஆசை' என்றால் பதவி ஆசை. இலங்கைத் தமிழில் நாடாளுமன்ற இடத்தை 'ஆசனம்' என்பர். பல்கலைக்கழகங்களில் ஒரு துறைக்கென நிறுவப்படும் பேராசிரியர் பதவி 'இருக்கை' எனப்படுகிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கை இதற்கு எடுத்துக்காட்டு.

தரையோடு ஒட்டிய இருக்கைகள்

தமிழ் வீடுகளில் நெடுங்காலம் வாழ்க்கை தரையில்தான் நடந்தது. உண்பது, உறங்குவது, எழுதுவது, சமைப்பது, நெய்வது யாவும் தரையிலோ தரையை ஒட்டிய உயரத்திலோ நிகழ்ந்தன. அதற்கேற்ற முதல் இருக்கை பாய். கோரை, பனையோலை, தாழை ஆகியவற்றால் பாய் முடைந்தனர். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை கோரைப்பாய் இன்றும் புகழ்பெற்றது. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் அறை காலியாகிவிடும். ஒரே அறை பகலில் கூடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் பயன்பட்டதற்கு இதுவே காரணம்.

அடுத்தது மணை எனப்படும் மணைப்பலகை. இது ஒரே பலகையால் ஆனது. அடியில் இரண்டு கட்டைகள் மட்டும் இருக்கும். தரையின் ஈரமும் குளிர்ச்சியும் உடலில் படாமல் காப்பது இதன் முதல் வேலை. உணவுக்கும் சடங்குக்கும் இது பயன்பட்டது. திருமணத்தில் மணமக்களை மணையில் உட்கார வைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

மணையின் இன்னொரு வடிவம் அரிவாள்மணை. பேச்சு வழக்கில் அருவாமனை. பலகையில் நிமிர்ந்து நிற்கும் கத்தி பொருத்தியிருக்கும். பலகையை உடல் எடையால் அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் காயைப் பிடித்து நறுக்கலாம். தேங்காய் துருவும் மணையும் இதே அமைப்புடையது. இங்கே இருக்கை ஓய்வுக்கான பொருளாக மட்டும் இருக்கவில்லை; வேலைக் கருவியின் ஒரு பகுதியாகவும் இருந்தது. பெண்கள் மிகுதியாகப் பயன்படுத்திய இருக்கை இதுவே என்பதால் இருக்கை வரலாற்றில் இதற்கு இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எரிவாயு அடுப்பும் சமையல் மேடையும் பரவியபோது, சமையல் நின்றபடி செய்யும் வேலையாக மாறியது. புகை குறைந்தது, நேரம் மிஞ்சியது. ஆனால் சமையலறையில் உட்காரும் இடம் இல்லாமல் போனது.

பொருளே இல்லாத இருக்கை முறையும் உண்டு. அய்யனார், யோக நரசிம்மர் திருவுருவங்களில் முழங்காலைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருப்பதைக் காணலாம். இதற்கு யோகபட்டம் என்று பெயர். முதுகையும் முழங்கால்களையும் துணியால் இணைத்துவிட்டால் உடல் தானே சாய்வு பெறும். கிராமங்களில் பெரியவர்கள் தோள் துண்டை இவ்வாறு கட்டிக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருப்பது இதே முறைதான்.

கட்டிலும் பலகையும்: இலக்கியமும் மரபுக் கதைகளும்

பழந்தமிழ் இலக்கியத்தில் அரசனின் இருக்கை 'அரசுகட்டில்' எனப்பட்டது. சிலப்பதிகாரத்தில் வரும் பாண்டியன் நெடுஞ்செழியன், 'அரசுகட்டிலில் துஞ்சிய' என்ற அடைமொழியாலேயே அறியப்படுகிறான். தவறான தீர்ப்பு வழங்கியதை உணர்ந்ததும் அவன் உயிர் நீத்த இடம் அந்த இருக்கையே. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் தந்தக் கட்டிலை விரிவாக வருணிக்கிறது. நாற்பது வயது யானையின் தந்தத்தைக் கொண்டு அது இழைக்கப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. தச்சுத் தொழில் அக்காலத்தில் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

மனிதர் மட்டுமன்றிப் பொருளும் இருக்கை பெற்றிருந்தது. அரசனின் வெற்றி முரசை வைக்க 'முரசுகட்டில்' இருந்தது. அதில் பிறர் அமர்வது தண்டனைக்குரிய குற்றம். முரசை நீராட்டக் கொண்டுசென்றிருந்தபோது, களைப்பால் அறியாமல் அதில் படுத்து உறங்கிய புலவர் மோசிகீரனாரை, சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாமல், அவர் விழிக்கும்வரை கவரி வீசினான் என்பது புறநானூறு தரும் செய்தி. இந்நிகழ்ச்சி அரசனின் பெருந்தன்மைக்காகவே நினைவுகூரப்படுகிறது. இருக்கையை மீறுவதற்கு உயிரே விலையாக இருந்தது என்ற செய்தியும் அதில் உள்ளது.

மதுரைச் சங்கப்பலகை பற்றிய மரபுக் கதை இதற்கு மறுபுறம். தகுதியுள்ள புலவர் வந்தால் அப்பலகை தானே நீண்டு இடம் தரும் என்பர். பிறப்பைப் பார்க்காமல் புலமையைப் பார்த்து இடம் தரும் ஓர் இருக்கையைத் தமிழர் கற்பனை செய்தனர்.

கல்வெட்டுகளிலும் இருக்கைகள் வருகின்றன. சோழர் மெய்க்கீர்த்திகளில் அரசர் அமரும் 'வீரசிம்மாசனம்' குறிக்கப்படுகிறது. பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் அரச இருக்கைக்குத் தனிப்பெயரே உண்டு. 'மழவராயன்' என்ற பெயர்கொண்ட பள்ளிப்பீடத்தில் அமர்ந்து அரசர் ஆணையிட்டதாக அவை கூறுகின்றன.

மாமல்லபுரச் சிற்பங்களில் இருக்கை

மரத்தால் செய்த பழைய இருக்கைகள் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் கறையானிலும் அழிந்துவிட்டன. எனவே அவற்றின் வடிவத்தை அறியக் கற்சிற்பங்களையே நாட வேண்டும். நாவலூரிலிருந்து சுமார் 30 கி.மீ. தெற்கே உள்ள மாமல்லபுரம் இதற்கு நல்ல பாடசாலை.

ஆதிவராகர் குடைவரையில் இரண்டு அரச குடும்பச் சிற்பத் தொகுதிகள் உள்ளன. ஒன்றில் அரசர் இருக்கையில் அமர்ந்திருக்க, இருபுறமும் அரசியர் நிற்கின்றனர். மேலே சிம்மவிஷ்ணுவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எதிரில் உள்ள தொகுதியில் மகேந்திரன் என்ற பெயருக்குக் கீழே அரசர் தம் அரசியருடன் நிற்கிறார். இவர்கள் எந்த அரசர்கள் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் காட்சியின் ஒழுங்கில் ஐயமில்லை: இரு தொகுதிகளிலும் இருக்கை பெற்றவர் ஒருவரே.

பல்லவர் கோயில்களின் கருவறைச் சுவரில் காணப்படும் சோமாஸ்கந்தர் சிற்பத்தில் சிவனும் உமையும் ஒரே இருக்கையில் அமர்ந்திருப்பர். குன்றின் மேல் 'தருமராசர் சிம்மாசனம்' என்று மக்கள் அழைக்கும், சிங்கத்துடன் கூடிய கல் மேடை ஒன்றும் உண்டு. கிருஷ்ண மண்டபத்தில் பசுவிடம் பால் கறக்கும் ஆயர், எந்த இருக்கையும் இல்லாமல் குந்தி அமர்ந்திருக்கிறார். இன்றும் பால் கறப்பவர், நாற்று நடும் பெண்கள், மீன் விற்பவர் பலர் இதே நிலையில்தான் வேலை செய்கின்றனர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட இச்சிற்பங்களில் அரசரின் இருக்கை, தெய்வத்தின் இருக்கை, உழைப்பவரின் இருக்கையின்மை ஆகிய மூன்றையும் ஒரே ஊரில் பார்க்கலாம்.

திண்ணை

தமிழ் வீட்டின் கட்டடத்தோடு இணைந்த இருக்கை திண்ணை. வாசலின் இருபுறமும் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டு, மேலே தாழ்வார நிழல் பெற்றிருக்கும். சில திண்ணைகளில் தலை வைத்துப் படுக்கச் சாய்வான மேடும் கட்டியிருப்பர். வீட்டுக்குச் சொந்தமானாலும் தெருவைப் பார்த்தபடி இருப்பது திண்ணை. வழிப்போக்கர் இளைப்பாறவும், கணக்கு வழக்குப் பேசவும், பிள்ளைகள் படிக்கவும் அது பயன்பட்டது.

திண்ணைப் பள்ளிகள் அங்கேதான் நடந்தன. மாணவர்கள் தரையில் அமர்ந்து மணலில் எழுதிப் பழகினர். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டு எடுத்த கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஒரு பெஞ்சு கூட இல்லாமல் இவ்வளவு பள்ளிகள் இயங்கின என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

ஆனால் திண்ணை எல்லோருக்கும் திறந்த இருக்கையாக இருந்தது என்று சொல்வது உண்மைக்கு மாறானது. யார் திண்ணையில் ஏறலாம், யார் படியில் நிற்க வேண்டும், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. திண்ணையைப் பற்றி எழுதப்படும் இனிய நினைவுகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

கடல் வழியே வந்த நாற்காலி

முதுகுச் சாய்வும் கைப்பிடியும் கொண்ட நாற்காலி உலகில் மிகப் பழையது. எகிப்தின் துத்தன்காமன் கல்லறையில் பொன் தகடு வேய்ந்த அரியணை கிடைத்தது. சீனரும் முதலில் பாயில் அமர்ந்தவர்களே. சோங் அரசர் காலத்திற்குள் (960–1279) நாற்காலிக்கு மாறிவிட்டனர். தமிழகத்தில் அரசருக்கும் தெய்வத்துக்கும் உயர்ந்த இருக்கை இருந்தபோதிலும், வீட்டு நாற்காலி பரவியது ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறினர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டிலும், டேனியர் தரங்கம்பாடியிலும், ஆங்கிலேயர் சென்னையிலும், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் நிலைகொண்டனர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையின் எச்சம் இன்றும் நிற்கிறது. இக்குடியேற்றங்களில் வாழ்ந்த ஐரோப்பியருக்குத் தரையில் அமரும் பழக்கம் இல்லை. எல்லா நாற்காலிகளையும் கப்பலில் கொண்டுவருவதும் இயலாது. எனவே உள்ளூர்த் தச்சர்களிடம் செய்யச் சொன்னார்கள்.

இவ்வாறு சோழமண்டலக் கடற்கரையில் ஒரு புதிய பாணி பிறந்தது. கருங்காலி மரத்தில் திருகு வடிவில் கடைந்த கால்கள், பூவும் கொடியும் பறவையும் செதுக்கிய முதுகு, பிரம்பு பின்னிய இருக்கை ஆகியவை அதன் அடையாளங்கள். அளவும் தேவையும் ஐரோப்பியருடையவை. கைத்திறனும் செதுக்கு வேலையும் இவ்வூர்த் தச்சருடையவை. இந்நாற்காலிகள் ஐரோப்பாவுக்கும் சென்றன. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், இத்தகைய கருங்காலி நாற்காலிகளை இங்கிலாந்தின் டியூடர் காலத்துப் பழம்பொருள் என்று நம்பி, தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்காக வாங்கிச் சேர்த்தார். செய்த தச்சர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படாததால் அவர்களின் உழைப்பு நெடுங்காலம் வேறு நாட்டுக் கணக்கில் இருந்தது.

இதே கடற்கரைத் தொடர்பில் வளர்ந்த இன்னொரு வகை 'பர்கோமாஸ்டர் நாற்காலி' என்று பின்னாளில் பெயர்பெற்றது. வட்டமான இருக்கை, அரைவட்ட முதுகு, ஆறு கால்கள் கொண்டது. சோழமண்டலக் கரை, இலங்கை, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) ஆகிய டச்சு வணிக நகரங்களோடு இது தொடர்புடையது. வடக்கே விசாகப்பட்டினம் யானைத் தந்தம் பதித்த நாற்காலிகளுக்குப் புகழ்பெற்றது.

மரமும் பிரம்பும்: செய்முறை

நாற்காலி செய்வது தச்சுத் தொழிலில் கடினமான வேலை. மேசை மேலிருந்து வரும் எடையை மட்டும் தாங்கினால் போதும். நாற்காலியோ உட்காருபவர் பின்னால் சாய்வதையும், பக்கவாட்டில் அசைவதையும், இழுபடுவதையும் தாங்க வேண்டும். ஆகவே மரத்தைவிட மூட்டு முக்கியம். ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதில் உளியால் துளையிட்டு இறுக்கிப் பொருத்துவர். ஆணியால் அடித்த நாற்காலி சில ஆண்டுகளில் ஆடத் தொடங்கும். கழுந்து பொருத்திய நாற்காலி தலைமுறைகளைத் தாண்டும்.

தேக்கு கறையானுக்கு எளிதில் இரையாகாது, உளிக்கும் இணங்கும். எனவே அதுவே முதல் தேர்வு. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார், அங்கிருந்து தேக்கு மரம் கொண்டுவந்து செட்டிநாட்டு வீடுகளை அமைத்தனர். ஈட்டி எனப்படும் தோதகத்தி செல்வர் வீடுகளுக்கும், வேம்பும் பூவரசும் பலாவும் எளியோர் வீடுகளுக்கும் பயன்பட்டன.

பிரம்பு பின்னிய இருக்கை நம் தட்பவெப்பத்திற்கு மிகப் பொருத்தமானது. சட்டத்தைச் சுற்றித் துளையிட்டு, ஊறவைத்த பிரம்பு நாரை நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைவாட்டிலும் பின்னுவர். நடுவே எண்கோணக் கண்கள் உண்டாகும். அவற்றின் வழியே காற்று புகுவதால் வியர்வை தங்காது. நார் காயும்போது இறுகுவதால் இருக்கை தொய்வதும் இல்லை. பார்வையற்றோர் பள்ளிகளில் பிரம்பு பின்னுதல் ஒரு தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. அரசு அலுவலக நாற்காலிகள் பல அவ்வாறு அவர்களின் விரல்களால் பின்னப்பட்டவை. பின்னர் நெகிழி வயர் பிரம்பின் இடத்தைப் பிடித்தது.

அலுவலகமும் நாற்காலியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நாற்காலி அதிகாரத்தின் சின்னமாயிற்று. வட இந்தியாவில் 'குர்சி நஷீன்' என்று ஒரு தகுதி இருந்தது. அதைப் பெற்றவருக்கு மட்டும், அதிகாரியைச் சந்திக்கும்போது நாற்காலி தரப்படும். அதற்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. மற்றவர்கள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

வீட்டில் அதே இடத்தைச் சாய்வு நாற்காலி பெற்றது. துணி மாட்டிய மடக்கு வகையும், கால் நீட்டுவதற்காகக் கைப்பிடிகள் முன்னால் நீளும் தோட்டத்துரை வகையும் இருந்தன. வீட்டுத் தலைவருக்கு உரிய நாற்காலியில் மற்றவர் உட்காருவதில்லை. தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி' என்ற நாவல், சரிந்துவரும் ஒரு பழங்குடும்பத்தை அந்த ஒரு பொருளைக் கொண்டே காட்டுகிறது. அது 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' சிறுகதை, கரிசல் கிராமத்து வீடு ஒன்றிற்கு முதன்முதலாக நாற்காலி வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறது. விருந்தாளியின் மதிப்புக்காகச் செய்யப்பட்ட நாற்காலி, ஊரில் இறந்தவர்களைச் சாத்தி உட்காரவைக்க இரவல் போகத் தொடங்குவதுதான் அதன் திருப்பம். புதிய பொருளொன்றை ஒரு சமூகம் தன் தேவைக்கேற்ப எப்படி வளைத்துக்கொள்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

பள்ளியும் ரயிலும்

பொதுமக்கள் பலரும் ஒருவரையொருவர் அறியாமலே அருகருகே உட்கார நேர்ந்த இடங்கள் இரண்டு: பள்ளி, ரயில்.

பள்ளிகளில் பெஞ்சு வந்ததும் எல்லோரும் சமமாகிவிடவில்லை. அம்பேத்கர் தம் பள்ளி நாள்களில், மற்ற மாணவரிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியில் அமர வேண்டியிருந்ததை எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டிலும் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கும் வழக்கம் இருந்தது. பின்னாளில் முன் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்ற வேறொரு பிரிவு நிலைத்தது. 2025 ஜூலையில் வகுப்பறை இருக்கைகளை 'ப' வடிவில் அமைப்பது குறித்துத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. கழுத்து வலி, கரும்பலகை பார்க்கும் கோணம் ஆகியவை பற்றிய விவாதம் எழுந்ததும் அது நிறுத்திவைக்கப்பட்டது. நாற்பது பேர் இருக்கும் சிறிய அறையில் அந்த வடிவம் பொருந்துவது கடினம் என்பது வகுப்பெடுத்தவர் எவருக்கும் தெரியும். எனினும் கடைசி வரிசையே இல்லாத வகுப்பு என்ற எண்ணம் பொதுவிவாதத்திற்கு வந்தது நல்லதே.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து ஓடியது. கட்டணத்திற்கேற்ப மெத்தை இருக்கையும் வெறும் மரப் பெஞ்சுமாக வகுப்புகள் பிரிந்தன. சுதந்திர இந்தியாவில் மூன்றாம் வகுப்பு 1974-இல் நீக்கப்பட்டது. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் மரப் பலகைகளுக்கு இரண்டு அங்குல நுரைப்பஞ்சு மெத்தை அமைக்க ஏற்பாடு செய்தார். கோடிக்கணக்கானவர் இன்றும் அதன் பயனை அடைகின்றனர்.

நெகிழி நாற்காலி

இன்று உலகில் மிகுதியாகக் காணப்படும் நாற்காலி, ஒரே வார்ப்பாகச் செய்யப்படும் நெகிழி நாற்காலியே. பிரான்சின் ஹென்றி மசோனே 1972-இல் வடிவமைத்த 'ஃபோத்தேய் 300' இவ்வகையின் முன்னோடிகளில் முக்கியமானது. உருகிய பாலிபுரொப்பிலீனை அச்சில் அழுத்திச் செலுத்தினால், சற்று நேரத்தில் ஒரு முழு நாற்காலி வெளிவரும். மூட்டு இல்லை, ஆணி இல்லை. எடை குறைவு, மழையில் நனையலாம், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம்.

தமிழ்நாட்டில் பந்தல் வாடகைக் கடைகள் வழியாக இது ஊர்தோறும் பரவியது. திருமணம், காதணி விழா, இழவு வீடு, கட்சிக் கூட்டம், கிராம சபை எங்கும் ஒரே நாற்காலி. ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே விலை. இதற்கு முன் எந்த இருக்கையும் இவ்வளவு பேருக்கு இவ்வளவு மலிவாகக் கிடைத்ததில்லை. இதற்கு இரண்டு விலைகள் உண்டு. உடைந்தால் பழுதுபார்க்க முடியாமல் குப்பையாகிறது. உள்ளூர்த் தச்சருக்கும் பிரம்பு பின்னுபவருக்கும் வேலை குறைந்தது.

மலிவான நாற்காலி வந்தால் உட்காரும் உரிமையும் தானே வந்துவிடுமா? 2020 அக்டோபரில் வெளியான ஒரு படம் இதற்கு விடை சொன்னது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நெகிழி நாற்காலிகளில் அமர்ந்திருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவாயிற்று. தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குப் பெஞ்சு மறுக்கப்பட்ட பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே இது.

உட்காரும் உரிமை

கடையில் நிற்கும் ஊழியர் பிரச்சினை உலகம் முழுவதும் பழையது. பிரிட்டனில் 1899-இலேயே, பெண் விற்பனையாளர் மூவருக்கு ஓர் இருக்கையாவது தர வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்றபடி வேலை செய்யும் தொழிலாளருக்கு, இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர வசதி செய்யச் சொன்னது. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் இதற்குள் வரவில்லை. அங்கே பத்து மணி நேரத்துக்கும் மேலாக நிற்கும் பெண்களுக்குக் கால் வீக்கம், இடுப்பு வலி, காலில் சிரை முடிச்சு ஆகியவை வழக்கமாயின.

கேரளத்தில் பெண் ஊழியர்கள் இதற்காகப் போராடினர். கோழிக்கோட்டின் 'பெண்கூட்டு' அமைப்பும் அதன் தலைவர் விஜியும் இப்போராட்டத்தில் முன்னின்றனர். அதன் விளைவாகக் கேரளம் 2018-இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையும் நிறுவனமும் ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை தர வேண்டும், வேலை நேரம் முழுவதும் அவர்கள் நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம். இச்சட்டம் ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும்.

இன்றைய நிலை

ராஜீவ் காந்தி சாலையில் நாவலூர், சிறுசேரி பகுதிகளில் இன்று இரண்டு வகை உழைப்பை அருகருகே காணலாம். தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் ஐந்து சக்கரம் கொண்ட சுழல் நாற்காலிகள் உள்ளன. உயரத்தை மாற்றலாம், சாய்வை மாற்றலாம், இடுப்புக்குத் தாங்கல் உண்டு. பாதம் தரையில் படிய, முழங்கால் ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்க வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை. ஆனால் அதில் நாள் முழுவதும் உட்காருவதும் நோய்க்குக் காரணமாகிறது. உட்கார்ந்தே இருக்கும் நேரத்தைக் குறைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. அதே சாலையில் உள்ள கடைகளிலும் வாயில்களிலும் விற்பனைப் பெண்களும் காவலாளிகளும் நிற்கின்றனர். ஒரு சாராருக்கு எழுந்து நடக்க அறிவுரை தேவைப்படுகிறது. மற்றவருக்கு உட்காரச் சட்டம் தேவைப்படுகிறது.

தரையில் அமரும் பழக்கமும் முற்றிலும் மறையவில்லை. கோயில், பந்தி, பாட்டு வகுப்பு, யோகா ஆகியவற்றில் அது தொடர்கிறது. மறைந்துவருபவை அதற்கான பொருள்கள்தான். அரிவாள்மணை, பிரம்பு நாற்காலி, மடக்குச் சாய்வு நாற்காலி ஆகியவை பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. மாணவர்கள் தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள பழைய இருக்கைகளின் அளவு, மரம், மூட்டு, செய்தவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்யலாம். அதில் யார் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை என்பதையும் கேட்டு எழுதுவது அவசியம். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, விற்பவருக்குப் பின்னால் ஒரு முக்காலியாவது போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அப்பதிவில் சேரும்.